சவரிமுத்து பெயரில் ஆடியவன்

போன வாரம் சிதம்பரத்தில், நான் வழக்கமாகப் போகும் சலூனில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை போய் உட்கார்ந்துவிடுகிறேன், பழக்கதோஷம். சுவரில் இருந்த டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நான்கு நாடுகள் சேர்ந்து ஆடும் நட்புப் போட்டியாம். மஞ்சள் சட்டைக்காரர்கள் நன்றாக ஆடுகிறார்களே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தவே இல்லை. “இது மெயின் டீம் இல்ல சார். அவுங்க நாட்டுல நல்லா ஆடறவன்லாம் ஐரோப்பாவுல இருக்கான். அங்க கிளப்புக்காரங்க விடமாட்டேன்னுட்டாங்க. அதான் உள்ளூர் லீக்குல ஆடறவனுங்களப் புடிச்சி எறக்கியிருக்கானுங்க. சும்மா டைம்பாஸு.”

சும்மாவா? எனக்குச் சுருக்கென்றது. தலையை வெடுக்கென்று திருப்பியிருக்கிறேன் போல. “ஆடாதீங்க சார், காது போயிடும்” என்றார்.

டிவியில் வர்ணனை செய்தவரும் அதே கதைதான். வராதவர்களின் பெயரையே ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தப் பந்து உள்ளே போயிருக்கும், இவர் இருந்திருந்தால் அந்தப் பந்து வெளியே போயிருக்கும். அட, வந்தவன் ஒருவன் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்கிறானே, அவன் பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன? வருஷம் முழுக்கச் சொந்த ஊரில், பாதி காலியான கேலரிக்கு முன்னால் ஆடியவன். இன்றைக்குத்தான் நாட்டுச் சட்டையைப் போட்டிருக்கிறான். நாளைக்கே நிஜப் போட்டி வந்தால் அதைக் கழற்றி வாங்கி ஐரோப்பாக்காரனுக்கு மாட்டிவிடுவார்கள். இதற்கு நட்புப் போட்டி என்று பெயர் வேறு.

முன்பின் தெரியாத நாட்டுக்காரனுக்காக உனக்கு ஏனய்யா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

முடிவெட்டி முடித்ததும் அந்த சலூன்காரர் பிடரியில் நீலகிரித் தைலம் தடவி இரண்டு தட்டு தட்டுவார். வாசனை மூக்கில் ஏறியதுமே நான் முப்பது வருஷத்துக்கு முந்தைய கடலூருக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது ஒரு லாரி ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. ஊருக்குப் புதுசு. சாயங்காலம் மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போய்ப் போய், கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில், ஒரு கால்பந்து டீமுக்கு செக்ரட்டரி ஆகிவிட்டேன். பந்து என் காலில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. பெயர்ப் பட்டியல் எழுதுவதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கெண்டைக்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். வெளியே உட்காரப்போகிறவனும் தேய்ப்பான், ஒருவேளை கூப்பிட்டால்?

அந்த டீமில் சவரிமுத்து இடதுபக்க பேக், அதாவது தடுப்பாட்டக்காரன். என் வயசுக்காரன். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை. ஐஸ் கட்டியை உடைத்துப் படகுகளுக்கு ஏற்றிவிட்டு நேராக மைதானத்துக்கு வருவான். வந்ததும் அந்தச் சில்லிட்ட கையை என் கழுத்தில் வைப்பான். நான் அலறினால்தான் அவனுக்கு அன்றைய ஆட்டம் தொடங்கும். வலது கால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும்தான். ஆனால் அந்த இடது காலைத் தாண்டிப் பந்து போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. டவுன் லீக்கில் ஒரு ஆட்டம்கூட அவன் தவறவிட்டதில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே செட் வெள்ளைச் சட்டை, அவரவர் துவைத்துக்கொண்டு வரவேண்டும். மற்றதெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். சவரியின் மூன்றாம் நம்பர் மட்டும் நீலம் போட்டு, இஸ்திரி மடிப்போடு வரும். எல்லாம் அவன் மனைவி ஸ்டெல்லாவின் கைங்கரியம்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ‘கெஸ்ட்’ இறக்குவது என்று ஒரு வழக்கம். லீக் ஆட்டங்களை உள்ளூர்க்காரன் ஆடுவான். பைனல் என்று வந்துவிட்டால் வெளியிலிருந்து பெரிய ஆட்டக்காரனைக் கூட்டிவந்து இறக்குவார்கள். அவனுக்காக ஒருவன் சட்டையைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். இதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

பரங்கிப்பேட்டையில் ஒவ்வொரு வருஷமும், வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவில் வந்திருக்கும் சமயம் பார்த்து, ஒரு நட்புக் கோப்பை நடக்கும். பரிசுப் பணமெல்லாம் கிடையாது. ஒரு கோப்பையும், எல்லா டீமுக்கும் பிரியாணியும். எங்கள் கேப்டன் மணி வழக்கமாகக் கூட்டிவரும் கெஸ்ட், அண்ணாமலை நகர் ஆஸ்டல் மாணவன் ஒருவன். அந்த வருஷம் அவனுக்குப் பரீட்சை. “சும்மா பிரண்ட்லிதானே, நம்ம ஆளுங்களே போவட்டும்” என்றான் மணி. நம்ம ஆளுங்களே போனார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டம்தான் செமி பைனல். அதில் கோல் கோட்டில் நின்று பந்தை முகத்தில் வாங்கித் தடுத்தான் சவரி. உதடு கிழிந்து, பல்லெல்லாம் ரத்தம். அதோடு சிரித்துக்கொண்டு வந்து, “பைனலு மச்சான்!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினான்.

பைனல் ஞாயிற்றுக்கிழமை. சவரி ஒரு வேன் பிடித்து ஸ்டெல்லாவையும் மூன்று வயசு மகளையும் ஐஸ் பேக்டரி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்து இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மணியின் பைக் வந்தது. பின்னால் அந்த ஆஸ்டல் மாணவன். பரீட்சை முடிந்துவிட்டதாம்.

“மூணாம் நம்பர இவனுக்குக் குடுத்துடு” என்றான் மணி என்னிடம்.

போட்டி நடத்திய பாய் ஒப்புக்கொள்ளவில்லை. “லிஸ்ட்டு மொத நாளே குடுத்தாச்சில்ல தம்பி? இனிமே புதுப் பேரு ஏத்த முடியாது.”

மணி விழித்தான். அவன் விழித்ததோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் மூளை வேலை செய்தது. “பேர மாத்தவேணாம் பாய். சவரிமுத்து பேர்லயே எறங்கட்டும்” என்றேன். பாய் காதில் விழாததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மணி என் முதுகில் தட்டிக்கொடுத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, எப்பேர்ப்பட்ட கிறுக்கன் நான்!

சவரி காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், சட்டையக் கழட்டிக் குடு” என்றேன்.

“பொண்டாட்டி புள்ளயெல்லாம் வந்திருக்கு மச்சான்.”

“ஜெயிக்கணும்ல?”

சவரி எழுந்தான். கழற்றினான், பழைய இஸ்திரி மடிப்பிலேயே மடித்தான், என் கையில் வைத்தான். பனியனோடு போய்க் கோட்டுக்கு வெளியே மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மைக்கில் பேசியவருக்கு என்ன தெரியும்? அவர் கையில் இருந்தது நான் முத்து முத்தாக எழுதிக்கொடுத்த பட்டியல். மூன்றாம் நம்பரிடம் பந்து போகும்போதெல்லாம், “இதோ சவரிமுத்து! சபாஷ் சவரிமுத்து! கடலூர்ச் சிங்கம் சவரிமுத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஐஸ் பேக்டரி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் குழந்தை சவரியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, “அப்பா, ஒன்னக் கூப்புடறாங்க, போ” என்றது. மறுபடி மைக்கில் பெயர் வந்தது. மறுபடி, “போப்பா” என்றது.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். சிறந்த தடுப்பாட்டக்காரர் சவரிமுத்து என்று ஒரு எவர்சில்வர் குடம் வேறு அறிவித்தார்கள். அதற்குள் கெஸ்ட் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கிளம்பியிருந்தான். குடத்தை மணி போய் வாங்கிவந்தான். சவரியின் வேன் எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை. பிரியாணிப் பொட்டலங்கள் பத்துப் பதினைந்து மிஞ்சிப்போயின.

மறுநாள் அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு முதுநகரில் அவன் வீட்டுக்குப் போனேன், சமாதானம் செய்துவிடலாம் என்று. எவ்வளவு திமிர் பாருங்கள். ஸ்டெல்லா வா என்றுகூடச் சொல்லவில்லை. சவரிதான் வாசலுக்கு வந்தான்.

“ஆடினவன்கிட்ட குடு மச்சான்.”

“பேரு ஒன்னுதுதானே?”

“சட்டைய எடுத்துக்கினீங்க, சரி. பேரயும் எடுத்துக்கினீங்க. இனிமே அந்தப் பேர்ல நீங்களே ஆடிக்கங்க.”

அதற்குப்பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. லீக்கில் மூன்றாம் நம்பரை யார் யாரோ போட்டார்கள், எல்லாப் பந்தும் இடதுபக்கமாகவே உள்ளே போயிற்று. கெஸ்ட்டா வந்து காப்பாற்றினான்? லீக் ஆட்டத்துக்கு எந்த கெஸ்ட் வந்தான்? இரண்டே வருஷத்தில் டீம் கலைந்தது. நானும் வேலை மாறிச் சிதம்பரம் வந்துவிட்டேன். பரங்கிப்பேட்டையில் ஆட்டம் நடந்த திடலில் இப்போது வரிசையாக மாடிவீடுகள். கோப்பை என்று ஒன்று நடந்ததே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஐஸ் பேக்டரியும் இழுத்து மூடியாயிற்று. மணி எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியவில்லை, விசாரிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

மூன்று மாதத்துக்கு முன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சவரியைப் பார்த்தேன். முடியெல்லாம் வெள்ளை. அவனேதான் கூப்பிட்டான். டீ வாங்கிக்கொடுத்தான், என் பிள்ளைகளை விசாரித்தான், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதைச் சொன்னான். “மச்சான், அந்தப் பரங்கிப்பேட்டை பைனலு…” என்று எப்படியோ ஆரம்பித்தேன்.

“அத ஏன் மச்சான் இப்ப?” என்று சிரித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்த மாசமே கால்ல ஐஸ் பாளம் வுழுந்துடுச்சி, தெரியும்ல? இடது காலு. எனக்கு இருந்தது அந்த ஒரு பைனலுதான்” என்றான்.

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதுநகர் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்து, இடது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறினான்.