முதல் பெயின்ட்பால் கன் வாங்க வருகிறவர்களுக்கு

நான் வேலை பார்க்கும் விளையாட்டுச் சாமான் கடைக்கு எப்போதாவது ஒருவர் வந்து, "சார், புதுசா ஆரம்பிக்கிறேன். கம்மி விலையில நல்ல பெயின்ட்பால் கன் எது?" என்று கேட்பார். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்வேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசிப் பகுதியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

என்னை ஏன் அனுப்பினார்கள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை இருந்தது. தையல் மெஷின், பிரஷர் ஸ்டவ், ஏர் கன் எல்லாம் பார்ப்பேன். தீபத் திருவிழாவுக்கு ஊர் ஊராக பலூன் சுடுகிற ஸ்டால்காரர்கள் வருவார்கள். ஸ்பிரிங் போன ஏர் கன்களைக் கொண்டுவந்து கடையில் கொட்டுவார்கள். பதினைந்து வருடம் அந்தக் கன்களோடு புழங்கியிருக்கிறேன். ஏர் கன்னில் பேரலை மடக்கி நிமிர்த்தினால்தான் உள்ளே காற்று சேரும். மடக்காமல் வைத்தால் அது வெறும் கட்டை. தலைமாட்டில் வைத்துக்கொண்டுகூடத் தூங்கலாம். நான் தூங்கியும் இருக்கிறேன்.

2006-ல் தண்டபாணி முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கோயில் பக்கம் இரண்டு லாட்ஜ். மகன் படிக்கிற பெங்களூரில் பெயின்ட்பால் விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோலிக்குண்டு அளவில் ஒரு ஜெலட்டின் உருண்டை, உள்ளே பெயின்ட். கேஸ் அழுத்தத்தில் கன்னிலிருந்து பாய்ந்து, படுகிற இடத்தில் உடைந்து கறை பண்ணும். கறை பட்டவன் அவுட்.

"பௌர்ணமிக்கு பெங்களூர் பசங்க வேன் வேனா வர்றாங்க ஏழுமலை. ராத்திரி மலை சுத்திட்டு மறுநாள் என்ன பண்றதுன்னு தெரியாம லாட்ஜ்ல உருள்றாங்க. கீழ்பென்னாத்தூர் ரோட்ல நம்ம மல்லாட்டைக் கொல்லை சும்மாதான கெடக்குது? நீ கன்னு தெரிஞ்சவன். நீயே போய் வாங்கிட்டு வந்து நீயே பாத்துக்கோ" என்றார். மல்லாட்டைக் கொல்லை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை நிலம்.

கன் தெரிந்தவன் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஏர் கன். பெயின்ட்பால் கன்னை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை. அதை வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சென்னையில் மூன்று கன்

சென்னையில் இறக்குமதிச் சாமான் விற்கிற ஒருவர் மூன்று ரகம் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று புத்தம் புதுசு. பார்க்கவே பயமான விலை. இரண்டாவது நடுத்தரம், எங்கள் பட்ஜெட்டில் ஐந்து வரும். மூன்றாவது எங்கேயோ ஓட்டிக் களைத்த பழைய கன், எட்டு வரும்.

பழையதைக் கையில் எடுத்து ட்ரிக்கரைத் தட்டினேன். தொட்டாலே விழுந்தது. சேஃப்டி பட்டனை அழுத்தினால் நிற்காமல் திரும்பி வந்தது.

"அது தேஞ்சிருக்கு சார், மறைக்காம சொல்லிடறேன்" என்றார் கடைக்காரர். "என் யோசனையைக் கேட்டா, மொதல்ல மாஸ்க் நல்லதா வாங்குங்க. அப்புறம் மிச்சம் இருக்கறதுக்கு கன் எடுங்க. அஞ்சு போதும். கிரவுண்டுக்குள்ள கால் வெக்கிற எல்லாருக்கும் மாஸ்க் வேணும். விளையாடறவங்களுக்கு மட்டும் இல்ல."

"மாஸ்க்கை வெச்சு யாரைச் சுடுறதுங்க?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

எட்டுப் பழைய கன்னும் எட்டு மட்ட மாஸ்க்கும் வாங்கினேன். எட்டுப் பேர் விளையாடினால் எட்டு மாஸ்க் போதாதா என்பது என் கணக்கு. கன் வாயில் மாட்டுகிற துணி உறை எட்டை அவரே சும்மா கொடுத்தார். "விளையாட்டு முடிஞ்சா பாட்டிலைக் கழட்டுங்க, ஹாப்பரைக் கழட்டுங்க, தரையைப் பாத்து ரெண்டு தடவை ட்ரிக்கரைத் தட்டிக் காலி பண்ணிட்டு உறையை மாட்டுங்க. இதைச் செவுத்துல எழுதி வெச்சிடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். கேஸ் பாட்டில், உருண்டை போடுகிற ஹாப்பர், உறை. மூன்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். சுவரில் எழுதவில்லை. எங்கள் கொல்லையில் சுவரே இல்லை.

சேஃப்டி பட்டனுக்கு ஊரில் ஸ்டவ் வாஷரை வெட்டிப் போட்டேன். ஒரு வாரம் நின்றது. பிறகு மறுபடி தேய்ந்தது. மறுபடி போடலாம் என்றிருந்தேன்.

கவிதா

கிரவுண்டில் டிக்கெட் கிழிக்கவும் ஆட்டத்தில் விசில் ஊதவும் கவிதாவை வேலைக்கு எடுத்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். டிகிரி முடித்து, போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணி, ஓட்டம், தாண்டல் எல்லாம் முடித்துவிட்டிருந்தாள். மெடிக்கல் மட்டும் பாக்கி. தீபாவளி கழித்து வேலூருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அதை நான்காக மடித்துப் பையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னும் ஒரு மாசந்தாண்ணா. அப்புறம் உங்க கிரவுண்டுக்கே ரவுண்ட்ஸ் வருவேன். லைசென்ஸ் எங்கன்னு கேப்பேன்" என்பாள்.

"வாம்மா. உனக்கு டிக்கெட் ஃப்ரீ" என்பேன்.

காலையில் ஆள் வருமுன் கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடுவாள். பெங்களூர் பையன்கள் மாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு நின்றால் விசிலை ஊதித் தள்ளிவிடுவாள். மூச்சு முட்டுகிறது, கண்ணாடி பனிக்கிறது என்று அவர்கள் திட்டுவார்கள். மட்ட மாஸ்க் அப்படித்தான். அவளுக்கென்று ஒரு மாஸ்க் இல்லை. ஒன்பதாவது மாஸ்க் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்டத்தின்போது வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று விசில் ஊதினாள். நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஆயுதபூஜை

அன்று கிரவுண்டுக்கு லீவு. கேட்டில் வாழைக்கன்று கட்டி, மேஜைமேல் புது வேட்டி விரித்து, எட்டு கன்னையும் வாய் முன்பக்கம் பார்க்க வரிசையாக வைத்தேன். முன்னால் எட்டு மாஸ்க். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வந்துவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். "என்னப்பா, பாட்டில் இல்லாம, உருண்டை இல்லாம மொட்டையா வெச்சிருக்க? பூஜைல காலியா வெக்கக் கூடாது. நிறைவா வை."

அவர் சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. எங்கள் வீட்டில் அரிசிப் படியைக்கூட அன்று நிரப்பித்தான் வைப்போம். எட்டிலும் கேஸ் பாட்டிலை மாட்டினேன். ஹாப்பரில் மஞ்சள் உருண்டைகளைக் கொட்டினேன். துணி உறைகளில் பழைய பெயின்ட் கறை அசிங்கமாக இருந்தது; கன் வாயில் சந்தனம் வைக்க வேண்டுமே என்று அவற்றையும் கழற்றினேன். ஒரு கன்னில் கேஸ் ஒழுகுகிற மாதிரி சத்தம் கேட்டது. சரிபார்க்கத் தரையில் ஒன்று சுட்டேன். உருண்டை உடைந்தது. கன் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு மேஜையில் வைத்தேன்.

இங்கேதான் என் பதினைந்து வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது. ஏர் கன் ஒரு முறை சுட்டால் செத்துப்போகும். இந்தக் கன் ஒரு முறை சுட்டால், அந்த அழுத்தத்திலேயே அடுத்த உருண்டையை ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கும். நான்கு மாதம் தினமும் பார்த்த விஷயம். ஆனால் பொட்டு வைத்துப் பூ வைக்கும்போது அதைக் கன் என்றே நான் நினைக்கவில்லை. சாமி காரியமாக நினைத்தேன்.

கவிதா மேஜைக்கு எதிர்ப்பக்கம் குனிந்து மாஸ்க்குகளுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். நான் இந்தப் பக்கம் கதம்பச் சரத்தைக் கன்களில் சுற்றிக்கொண்டே போனேன். தரையில் சுட்டுப் பார்த்த அந்தக் கன்னில் சரம் நழுவியது. ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழைத்து ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தேன்.

"எட்டுக்கும் பொட்டு வெச்சாச்சுண்ணா" என்று அவள் நிமிர்ந்தாள்.

பட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முகமெல்லாம் மஞ்சள் பெயின்ட். அவள் கத்தக்கூட இல்லை. "அண்ணா, கண்ணைத் தொறக்க முடியல" என்றாள்.

"பெயின்ட்தாம்மா, ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்து ஏழுமலை" என்றார் முதலாளி. செம்புத் தண்ணீரை ஊற்றினேன். மஞ்சள் கரைந்து இறங்கியது. அதற்குப் பிறகும் இடது கண்ணிலிருந்து வேறு நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி காரை எடுத்தார். அந்த அவசரத்திலும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். நானும் ஓடிப் போய் வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புதுச்சேரிக்கு எங்கள் கிரவுண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாழைக்கன்று கட்டிய கேட் திறந்தே கிடந்தது. பின் சீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெடிக்கலுக்கு இன்னும் நாள் இருக்குல்லண்ணா? அதுக்குள்ள சரியாயிடும்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆயிடும் என்றேன். செஞ்சி தாண்டும்வரை ஆயிடும், ஆயிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆகவில்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலூர்

போக வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் போனாள். துணைக்கு நான் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். அவ்வளவு பெண்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். "இடது கண்ணை மூடிட்டுப் படிக்கச் சொன்னாங்க, கடைசி வரி வரைக்கும் படிச்சேன். வலது கண்ணை மூடச் சொன்னாங்க. மூடினேன். அவ்ளோதாண்ணா" என்றாள். பஸ்ஸில் திருவண்ணாமலை வரும்வரை கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். இறங்கும்போது அந்தக் கடிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்தாள்.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். கிரவுண்டை மூடினார். கொல்லையில் மறுபடி மல்லாட்டை போட்டார்கள். எட்டு கன்னையும் கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். அவருக்கும் அது முதல் கன். சேஃப்டி பட்டன் தேய்ந்ததை அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, வாஷர் போட்டுக்கொள்வேன் என்றார். எட்டையும் சாக்கில் கட்டிக் கொடுத்தேன்.

என் கடையையும் மூடிவிட்டேன். அதற்குப் பிறகு ஸ்பிரிங் வேலை எதையும் தொடவில்லை.

ஆகவே, கம்மி விலைக் கன் கேட்டு வருகிறவர்களே: முதலில் மாஸ்க் வாங்குங்கள். விளையாடாத ஆளுக்கும் சேர்த்து வாங்குங்கள். மிச்சத்தில் ஒரே ஒரு கன்தான் வருமென்றால் ஒன்றே போதும். ஒன்றும் வராதென்றால் இன்னும் நல்லது. சேஃப்டி நிற்காத கன்னை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூஜையில் வைப்பதானால் மொட்டையாக, காலியாக வையுங்கள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

சொல்லாத பகுதி இதுதான். நான் வேலை பார்க்கிற தெருவிலேயே ஒரு துணிக்கடையில் கவிதா பில் போடுகிறாள். கடை வாசலை ஒட்டி அவள் மேஜை. மூன்று வருடமாகத் தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். எப்போதும் அவளுடைய இடது பக்கமாகவே போவேன். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு நாள் அப்படித் தாண்டும்போது, பில் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

"ஏண்ணா தெனம் இந்தப் பக்கமாவே போறீங்க? கண்ணுதாண்ணா போச்சு. காது நல்லாத்தான் கேக்குது. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"கடைக்கு நேரமாச்சும்மா" என்றேன்.

மறுநாளிலிருந்து பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறேன்.