ஏழாம் இலக்கம் தவறவிட்ட பந்துகள்

கூடைப்பந்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை மேசையில் இருக்கும் அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். அதில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் யார் பந்தைக் கொடுத்து மற்றவனைப் புள்ளி எடுக்க வைத்தார், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை யார் பிடித்தார், யார் எத்தனை தடவை எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்தார் என்பதையெல்லாம் ஒவ்வோர் அணியும் தன் பாட்டில் ஓர் ஆளை வைத்து எழுதிக்கொள்ளும். பதினொரு வயதில், ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்த ஆள் நானாக இருந்தேன்.

அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமா அப்போது வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். ஒரு கம்பெனி தன் அணியில் ஆடுவதற்காகவே அவரை வேலைக்கு எடுத்திருந்தது. பகலில் அவர்களுடைய களஞ்சியத்தில் ஏதோ ஒரு பதவி, பின்னேரத்தில் பயிற்சி. முப்பத்துமூன்று வயதாகியிருந்தது. கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. முழங்காலுக்குப் பட்டி போடாமல் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏற மாட்டார். அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

வழக்கமாக எழுதுகிறவர் டெங்கு வந்து படுத்துவிட்டார். மாமாவோடு இருந்து டிவியில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்து, போட்டிக்குப் போட்டி எழுதிப் பழகியவள் நான். "இவளைக் கூட்டிக்கொண்டு போறன். என்னைவிட வடிவா எழுதுவாள்" என்று மாமா சொன்னபோது எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"இந்த மெட்ச்சோட ஒராளை நிப்பாட்டப் போகினமாம் அத்தான். ஒண்டில் நான், இல்லாட்டி அந்தப் புதுப் பெடியன். இண்டைக்கு எழுதுற தாளைப் பாத்துத்தான் கோச் முடிவெடுப்பார்."

"வேலை?" என்று அப்பா கேட்டார்.

"டீமில இல்லாட்டி வேலையும் இல்லை."

அந்தப் புதுப் பெடியன் ஏழாம் இலக்கம். இருபது வயதிருக்கும், கொட்டாஞ்சேனைக்காரர். பாய்ந்தால் இரண்டு பேரைத் தாண்டித் தெரிவார். அவருடைய அம்மா ஒரு மெட்ச்சையும் விடுவதில்லையாம். எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் மகனுக்குக் கொண்டுவந்த ரோல்ஸில் ஒன்றை எனக்கும் தந்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

எழுதுவதற்கு மாமா எனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்று இருந்தது. பந்து கைக்கு வந்து நழுவினால் பிடிக்காதவன் பிழை. கைக்கே வராவிட்டால் எறிந்தவன் பிழை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் மாமா எறிந்த பந்தொன்று ஏழாம் இலக்கத்தைத் தாண்டி வெளியே போனது. அது அவருடைய விரல்நுனியில் பட்டதா, படவில்லையா? எனக்குத் தெரியவில்லை. பறிகொடுத்த பந்துகளின் கணக்கில் ஏழுக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

அடுத்தது அப்படிச் சந்தேகமானதல்ல. மாமாவின் முழங்கால் மடிந்து பந்து அவருடைய காலிலேயே பட்டு உருண்டது. ஏழாம் இலக்கம் அப்போது மைதானத்தின் மறுகரையில் நின்றார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஏழுக்கு நேரே இரண்டாவது கோட்டைப் போட்டேன். மூன்றாவதுக்கும் அதற்குப் பிறகு மாமா விட்டவற்றுக்கும் யோசிக்கவேயில்லை. இடைவேளைக்குப் பிறகு, ஏழாம் இலக்கம் கொடுத்த இரண்டு நல்ல பந்துகளையும் மாமாவின் பெயருக்கு மாற்றிவிட்டேன். எனக்குப் பின்னால் அந்த அம்மா, மகன் பந்தைத் தொடும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் வென்றோம். மாமா கழுத்தில் துவாயோடு வந்து, கோச்சிடம் போகுமுன் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியா எழுதினனியோ?"

"ஓம் மாமா."

அவர் இன்னொரு முறை தாளைப் பார்த்தார். கோச் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். மாமா தாளை நீட்டினார். கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குப் பெரிய ஆறுதல். வரும் வழியில், காலி வீதியில் ஐஸ்கிரீம் வாங்கித்தந்தார். தனக்கு வாங்கவில்லை.

அடுத்த கிழமை ஏழாம் இலக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். அந்த அர்ச்சனை எனக்குத்தான் செய்திருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் மாமா அதற்குப் பிறகு என்னை மெட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டிவியில் ஆட்டம் போகும்போதும் என்னோடு இருந்து எழுதுவதை விட்டுவிட்டார். என் எழுத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, மூன்று நிறப் பேனைகளால் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "நல்லாயிருக்கு" என்றார், கொப்பியைப் பார்க்காமலே.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவோடு பேலியகொடைக்கு மீன் வாங்கப் போனேன். றப்பர் சப்பாத்தோடு மீன்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு நின்றார். ஏழாம் இலக்கம்.

"தங்கச்சி! மாமா நல்லா இருக்காரா? இன்னும் ஆடுறாரா?"

"இல்லை. போன வருஷம் விட்டிட்டார். ஆனா அதுக்குள்ள வேலையை நிரந்தரமாக்கிப்போட்டினம், அங்கதான் இருக்கிறார்."

"நல்ல மனுசன்" என்றார். பிறகு, கேட்கலாமோ கூடாதோ என்பதுபோலச் சிரித்தார். "அன்னைக்கு நீங்கதானே எழுதினீங்க? எனக்கு ரெண்டு பந்துதான் போன ஞாபகம். கோச் காட்டின பேப்பர்ல எட்டு இருந்திச்சி. பயத்துல என்ன ஆடினேன்னே எனக்குத் தெரியல போல."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. எனக்குத்தான் முகம் சூடாகி, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மாமாவும் மாமியும் கிருலப்பனையிலிருந்து சாப்பிட வந்திருந்தார்கள். நான் ஏழாம் இலக்கத்தைக் கண்டதையும், அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மாமா பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கைகழுவப் போனார். உள்ளே நெடுநேரம் தண்ணீர் ஓடியது. "என்ன, மீன் சரியில்லையோ?" என்று அம்மா மாமியைக் கேட்டார்.

நான் எனக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். எட்டு என்ற அந்த எண்ணை வைத்து மாமா இப்போது உண்மையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது, நான் அவருக்காகச் செய்தது அவருக்கு ஒருநாளும் தெரியவரக் கூடாது என்று. பந்தைப் பறிகொடுத்த மாமாவுக்கு, அன்று தாளைப் பார்த்தபோதே அது எத்தனை தடவை என்று தெரியாமல் இருந்திருக்குமா என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.