மேல்கோட்டைத் தாண்டிய எண்ணெய்

கோளாறான விமானத்தைப் பறக்கவிட்டவர்களுக்குத்தான் தூக்கம் கெடும் என்று நினைத்திருந்தேன். நான் பறக்கவிடாமல் நிறுத்திய ஒரு காலை, ஆறு வருடமாகியும் என்னை விடவில்லை.

கோவை விமான நிலையத்தில் சிறிய தனியார் ஜெட்களைப் பராமரிக்கும் பொறியாளர் நான். அவற்றில் ஒன்று, பம்பு தொழிற்சாலை நடத்தும் ஒருவருடையது. எட்டுப் பேர் உட்காரலாம். அவர் என்னை அம்மணி என்பார்; நான் அவரை அண்ணா என்பேன்.

அன்று ஏழு மணிக்கு வந்தபோது சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். மும்பையில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த அம்மா, மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

விமானி இரண்டு இன்ஜின்களையும் ஓடவிட்டுக் கேபினுக்குக் காற்றைத் திறந்தார். நாலைந்து நிமிடத்தில், ஈரச் சாக்ஸைப் பைக்குள் போட்டு மறந்தது போல ஒரு வாடை. எனக்குத் தெரிந்த வாடைதான். இந்த ஜெட்டில் உள்ளே சுவாசிக்கும் காற்று இன்ஜினிலிருந்து வருகிறது. பேரிங்குக்குப் போகும் எண்ணெய் அந்தக் காற்றில் கலந்துவிடாமல் ஒரு கார்பன் வளையம் தடுக்கிறது. சீல் என்போம். அது தேய்ந்தால் எண்ணெய் ஆவி கேபினுக்குள் வரும். நடுவானத்தில் விமானிக்கே தலை சுற்றலாம்.

இடது இன்ஜின் காற்றை மட்டும் விடச் சொன்னேன். வாடை அடங்கியது. வலதை மட்டும் விட்டதும் திரும்ப வந்தது. காற்று வரும் துளையில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். மஞ்சள் கறை படிந்தது. கீழே இறங்கிப் பார்த்தால், வலது இன்ஜினுக்கு அடியிலிருந்த வடிகுழாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீல் போயிருச்சுங்கண்ணா. இதுல போக முடியாதுங்க."

"ரெண்டு மணி நேரந்தானுங்க அம்மணி. நாத்தம் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. நான் பொறுத்துக்கறேன்."

"ஓட்டறவரு பொறுத்துக்க முடியாதுங்கண்ணா."

அவர் விமானியைப் பார்த்தார். விமானி தரையைப் பார்த்தார். "செரிங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு டிக்கெட் கேட்கப் போனார். காலை விமானம் கிளம்பியிருந்தது. அடுத்ததற்கு மத்தியானம் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது தங்கச்சி போன் செய்தாராம். பன்னிரண்டு மணிக்கு அம்மா போய்விட்டார்.

வருத்தமாக இருந்தது. ஆனால் நான் செய்தது சரி என்ற நிம்மதியும் இருந்தது. இன்ஜினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து அறிக்கை வந்தது. சீல்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, தேய்மானம் இல்லை, அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை.

எண்ணெய்ப் பதிவேட்டை எடுத்தேன். முந்தின நாள் விமானம் இறங்கியது மத்தியானம். நான் எண்ணெய் பார்த்தது மாலை ஐந்தரை மணிக்கு. வேறொரு விமான வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் நின்ற அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும்; ஆறிப்போனால் எண்ணெய் கீழே இறங்கி, அளவுக் கண்ணாடியில் குறைவாகக் காட்டும். இது எனக்குத் தெரியாததல்ல. குறைகிறது என்று வலது இன்ஜினில் ஒன்றரை டப்பா ஊற்றியிருக்கிறேன். மறுநாள் இன்ஜின் ஓடியதும் எண்ணெய் கண்ணாடியின் மேல்கோட்டைத் தாண்டி, வழியும் இடத்தில் எல்லாம் வழிந்து, கேபின் காற்றிலும் கலந்திருக்கிறது. அன்று காலை எல்லாவற்றையும் சோதித்தவள் எண்ணெய் அளவை மட்டும் பார்க்கவில்லை. நானே ஊற்றி நானே கையெழுத்துப் போட்டதை என்ன பார்ப்பது என்று விட்டுவிட்டேன்.

என் தவறைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்காரச் சொன்னார். மனைவியைக் கூப்பிட்டார்.

"இவங்கதான் நான் சொன்ன அம்மணி. அன்னைக்கு இவங்க வேண்டாம்னு நிறுத்துலீனா நானும் அம்மா கூடவே போயிருப்பேன்."

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். காபி வந்தது. நான் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னைக்குப் போயிருக்கலாங்களா?"

"எண்ணெயை இறக்கிப்போட்டு, திருப்பி ஓட்டிப் பார்த்துட்டு, ஒரு மணி நேரத்துல கிளம்பியிருக்கலாங்கண்ணா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு அங்க போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். அவர் மனைவி என் கையை எப்போது விட்டார் என்று தெரியவில்லை.

ஆறிப்போன என் காபியை ஓரமாக நகர்த்திவிட்டு அண்ணா கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இதை எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமுங்களே?" கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். அத்தனை நாள் அவரைத் தாங்கிய ஒரே ஆறுதலை, என் மனச்சுமை குறைவதற்காகப் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடவிடாமல் கம்பெனி மூன்று மாதம் என்னை உட்கார வைத்தது. திரும்பி வந்தபோது, வேறு பொறியாளரைப் போடச் சொல்லி அவர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இன்றும் அதே விமானத்தில்தான் போகிறார்.

"போலாங்களா அம்மணி?" என்பார்.

"போலாங்கண்ணா."

அதற்குப் பிறகும் படியில் ஒரு கணம் நிற்பார், நான் இன்னும் ஏதோ சொல்லாமல் வைத்திருப்பதைப் போல.