ஒன்றரை மணிக்கு நின்ற சூளை

ப்லாஷெனாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் பிடிவாதக்காரி என்பார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான் அவளுக்குப் பக்கத்து வீடு. என்னைக் கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்வேன்.

ஓஹ்ரே ஆற்றங்கரைப் பீங்கான் ஆலையில் பத்தொன்பது வருடம் சூளைக்குச் சாமான் அடுக்கியவள். ஆலையை மூடியதும் கார் ஷெட்டில் ஒரு கரண்ட் சூளை வாங்கிப் போட்டாள். செப்டம்பர் குயவர் சந்தையில் ஒரு கடை பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்குத் தேர்வுக்குழு முன் கோப்பையும் சாஸருமாக ஆறு ஜோடி வைக்க வேண்டும். அவளுடையது பீங்கான் கோப்பை, அதற்கு ஸ்டோன்வேர் என்கிற முரட்டுக் களிமண் சாஸர். இரண்டு முறையும் கோப்பை வாய் கோணியிருந்ததால் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது முறையும் தள்ளினால் ஐந்து வருடம் அந்தப் பக்கமே போக முடியாது.

குழுவில் இருந்த கோசினா, ஆலையின் பழைய சூளை மேஸ்திரி. "அடுக்கறது வேற, சுடறது வேறம்மா," என்றாராம் சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்கு வந்து சூளைக் கணக்கு நோட்டை எடுத்தாள்.

இரண்டு மண்ணுக்கும் ஒரே சூடு ஒத்துவராது. சாஸருக்கு 1230 டிகிரி போதும். பிறகு மெல்ல மெல்ல ஆறவிட்டால்தான் மேல்பூச்சு மங்கலாக, தொட இதமாக வரும். பீங்கானுக்கு 1260 வேண்டும், ஆனால் அங்கே அதிக நேரம் நின்றால் தளர்ந்து கோணிவிடும். சட்டென்று இறங்க வேண்டும். அதனால் தனித்தனியாகச் சுட்டாள். சாஸர் ஒவ்வொரு தடவையும் அழகாக வந்தது. கோப்பை ஒரு நாள் சரியாக வரும், மறுமுறை அதே எண்ணில் கோணும். உள்ளே வைக்கும் களிமண் கூம்பு சரியான சூட்டில் தலை குனிய வேண்டும். இவளுடையது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது, அதாவது சூடு மிஞ்சிவிட்டது. ஐந்து டிகிரி குறைத்தாள், பத்து குறைத்தாள். ஆறு மாதம் போயிற்று.

"விடுடி, சாஸரை மட்டும் வித்துக்கோ," என்றேன்.

"வாயை மூடிட்டு காபி குடி."

ஒரு புதன்கிழமை காலையிலிருந்து சூளை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். உருளைக்கிழங்கு சூப்பை நான்தான் கொண்டுபோனேன். மதியம் ஒன்றரைக்கு, திரையில் 1240 இருக்கும்போது, சூளையின் முனகல் நின்றது. அதே நொடி சுவருக்கு அப்பால் குளியலறை பாய்லரும் 'டிக்' என்று அணைந்தது. எண் இறங்கத் தொடங்கியது. இரண்டரைக்குத் திரும்ப உயிர் வந்து, சூளை இறங்கிய இடத்திலிருந்து மறுபடி ஏறியது. பாவம், அந்தக் கோப்பைகள் ஒரே சூட்டில் இரண்டு முறை வெந்தன. மெல்ல ஆற வேண்டிய சாஸருக்கோ அது கெடுதல் செய்யவில்லை.

எங்கள் ஊரில் பாய்லர் எல்லாம் மலிவு மின்சார இணைப்பில்தான் ஓடும். பகலில் சில மணி நேரம் கம்பெனிக்காரன் அதை நிறுத்துவான், அந்த நேரமும் நாளுக்கு நாள் மாறும். அவள் புருஷன் ராதிம் சூளையையும் அதிலேயே கோத்துவிட்டிருந்தான்.

"எல்லாரும் அப்படித்தானே போடறாங்க!" என்றான்.

"ஆறு மாசமா என் கணக்குதான் தப்புன்னு இருந்தேன், ராதிம்." மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சூளையைத் தனி லைனுக்கு மாற்றினாள்.

தேர்வு நாளில் நானும் போனேன். கோசினா ஆறு கோப்பைகளையும் மேஜையில் கவிழ்த்து, குனிந்து, வாய்க்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை.

"இதுக்கு முன்னாடி ஏன் கோணிச்சு?"

ராதிம் வாசலருகே தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "சூளை பாய்லர் லைன்ல இருந்துச்சு சார். நான் கவனிக்கல. தப்பு என்னுது."

மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடை எண் பதினான்கு. கோசினா மட்டும் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். அவர் வீட்டிலும் ஒரு சூளை உண்டு. போன வருடம் அவர் தட்டுகள் ஒன்றுகூடச் சந்தைக்கு வரவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"பாய்லர் லைன்னா..." காது சிவக்க, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எத்தனை மணிக்கும்மா நிக்கும்?"

"அது நாளுக்கு நாள் மாறும் சார்," என்றாள் ப்லாஷெனா. "ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல உக்காந்து பாருங்க."