பீட்ரூட் வாங்காத வீடு

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய போர்வை சுற்றிய ஒரு பீங்கான் தட்டு இருக்கிறது. தட்டு என்றதும் சாப்பிடும் தட்டை நினைத்துவிட வேண்டாம். நீள்வட்டமாக, ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கும் அளவுக்குப் பெரியது, பால் வெள்ளை. டிசம்பர் பிறந்து தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்ததும் அதை இறக்கித் தரச் சொல்லி என் வீட்டுக்காரரை நச்சரிப்பேன். "இந்த வருஷமும் அதைத் தூக்கிக்கினு இறங்கணுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணி போடுவார். கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, எதையும் அடுக்குவதற்கு முன் அந்த வெறும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெள்ளைச் சாமான் எதையும் மறைத்து வைக்காது. அதனாலேயே எனக்கு அதன்மேல் பிரியமும் உண்டு, பயமும் உண்டு.

அது என் சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. சித்தப்பா என்றால் அப்பாவின் கடைசித் தம்பி. அங்கே ஒரு பெரிய ஓட்டலில், கோல்டு கிச்சனில் அவருக்கு வேலை. அடுப்பே இல்லாத சமையலறை அது. காய், பழம், சாலட் என்று எல்லாவற்றையும் பச்சையாகவே வெட்டி, அலங்கரித்து, விருந்து மேசைக்கு அனுப்பும் இடம். "அடுப்பு பத்த வெக்கத் தெரியாதவனுக்கெல்லாம் குக்குன்னு பேரு" என்று அம்மா சீண்டுவாள். "நெருப்பை வெச்சிக்கினு யார் வேணா சமைப்பாங்க அண்ணி. நெருப்பு இல்லாம சமைச்சுக் காட்டுங்க, பாக்கலாம்" என்பார் அவர். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிப்போனபோது தன் துணிமணிகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, இந்தத் தட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்த ஆள்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்களெல்லாம் எங்கள் வீட்டு மாடியில் கூடும். பங்குச் சாமியாரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கேக்கு, முறுக்கு, கல்கல், அம்மாவின் பிரியாணி. அப்பாவுக்குச் சுகர் வந்த பிறகு, கேக்கு வெட்டும் நேரத்தில் அவர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா, லீவு கிடைத்து வந்த ஒரு வருஷம், "சுகர்காரங்களுக்குன்னு ஒரு ஐட்டம் போடறேன்" என்று இந்தத் தட்டில் காய்கறியால் ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்தார். பி.எட். படித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்காது. "பண்டிகை அன்னைக்குப் பச்சைக் காயைத் தின்ன நாங்க இன்னா முயலா சித்தப்பா" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படி ஒரு மரம். வெள்ளரிக்காயைப் பிறைபிறையாக நறுக்கி, கீழே அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் அடுக்குவார். புதுச்சேரியிலிருந்து வாங்கிவந்த ப்ரோக்கோலிப் பூக்கள் இடையிடையே இலைக்கொத்தாக நிற்கும். அடிமரத்துக்குக் கேரட். உச்சியில் மஞ்சள் குடமிளகாயில் வெட்டிய நட்சத்திரம். தொங்கும் குண்டுகளுக்குச் சின்னச் சின்ன நாட்டுத் தக்காளி. மரத்தைச் சுற்றி, தட்டு முழுக்க, முள்ளங்கியைத் துருவியும் காலிஃபிளவரை உதிர்த்தும் பனி. ஒரு கிண்ணத்தில், துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் சேர்த்து 'டிப்'. அப்பா அதைக் கடைசிவரை பச்சடி என்றுதான் சொன்னார். ஆனால் மரத்தில் பாதியை அவரே சாப்பிட்டார். அந்த வருஷம் அவர் கீழே இறங்கிப் போகவில்லை.

அந்தத் தட்டுக்குச் சித்தப்பா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பீட்ரூட் கூடாது. தட்டில் மட்டுமல்ல, வீட்டிலேயே கூடாது. "அது பொல்லாதது. ஒரு துண்டு கத்தியில பட்டிருந்தாலும் போதும், பனி மொத்தமும் செவந்துடும்" என்பார். அதனால் டிசம்பர் முழுவதும் எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்குவதில்லை. தெரியாமல் யாராவது வாங்கி வந்தாலும் அம்மா அதைப் பையோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை அன்று நாங்கள் எல்லாரும் வேடிக்கையாகத்தான் பார்த்தோம். வெட்டிய காய்களை மொறுமொறுப்பாக இருப்பதற்காக ஐஸ் தண்ணீரில் போட்டு வைப்பார். அந்த அண்டாவுக்குள் முழங்கைவரை விட்டு, சாவகாசமாகத் துழாவி, ஒவ்வொரு துண்டாக எடுப்பார். வீட்டுப் பிள்ளைகள் அவரோடு போட்டி போட்டுக் கையை விட்டு, வலி தாங்காமல் உதறிக்கொண்டு எடுப்பார்கள். அவர் கையை உள்ளே வைத்தபடியே ஊர்க் கதை பேசிக்கொண்டிருப்பார். பிரியாணிக் குண்டானைத் துணி பிடிக்காமல் வெறும் கையால் தூக்கி இறக்கி வைப்பார். "கிச்சன் கைப்பா இது. சூடும் ஏறாது, குளிரும் ஏறாது" என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவார். மறுநாள் அதே உள்ளங்கையில் கொப்புளம் இருக்கும். அதற்கும் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். வருஷா வருஷம் அந்தக் கை கெட்டிப்பட்டுக்கொண்டே வருவதாக நினைத்தோம். அது அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக வந்த வருஷம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். ஓட்டலில் ஆள் குறைத்தார்கள். இளைத்துப் போயிருந்தார், வெயிலில் அலைந்ததால் என்றார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சித்தியும் அவரும் எங்கள் வீட்டில் வந்து தங்கிய சில நாளில், குளியலறையில் எறும்பு சாரை விட ஆரம்பித்தது. அம்மா எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டாள். மறுநாள் கோட்டைத் தாண்டியும் வந்தது. "உங்களுக்குச் சுகர் ஏறிடுச்சு, பாருங்க" என்று அம்மா அப்பாவைத்தான் திட்டினாள். அப்பா போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். அவருக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எறும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வீடு நிறைய மனிதர்கள், அதில் ஒருத்தி டீச்சர் வேலைக்குப் படித்தவள். ஒருவருக்கும் அடுத்த கேள்வி தோன்றவில்லை. சுகர்காரர்களுக்குத் தட்டு செய்கிறவருக்குச் சுகர் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

சித்தப்பாவுக்கு அந்தச் சமயம் வேறு கவலை. கையில் வேலை இல்லை. புதுச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் புத்தாண்டு விருந்துக்கு வரச் சொல்லியிருந்தார். அன்று அவர் செய்யும் தட்டைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு ஒத்திகை போலத்தான் அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தைச் செய்தார். எப்போதும் இல்லாத நேர்த்தி. யாரையும் பக்கத்தில் விடவில்லை. நான் டிப் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். மரத்தின் இடது பக்கம், முள்ளங்கிப் பனியில், ஒரு கை அகலத்துக்கு இளஞ்சிவப்பு.

"சித்தப்பா, பீட்ரூட் பட்டுடுச்சு" என்றேன்.

அவர் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, யார் இதை வாங்கி வந்தது என்று. சமையலறைக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பீட்ரூட் இல்லை. திரும்பி வந்தபோது காலிஃபிளவர் உதிர்த்திருந்த இடத்திலும் சிவப்பு விழுந்திருந்தது. அவர் கை அப்போதும் பனியைச் சரிசெய்துகொண்டே இருந்தது. அந்தக் கை போன இடமெல்லாம் சிவந்தது. இடது கைக் கட்டைவிரலின் பக்கவாட்டில் சதை பிளந்து தொங்கியது. அவருக்கு அது தெரியவில்லை.

கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நம்புகிறேன். பிறகு சிரித்தார். "வலிக்குது பாப்பா. வலிக்காம இருக்குமா. வேலை மும்முரத்துல கண்டுக்கல" என்றார். அதற்குள் சித்தி வந்துவிட்டாள். அவள் விரலைப் பார்த்ததைவிடத் தரையைத்தான் பார்த்தாள். அவர் நின்ற இடத்தில், மொசைக் தரையில், பாத அச்சுகளாக மங்கலாக ஒரு கறை. "உக்காருங்க" என்று அவரை இழுத்து உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்காலில் ஒரு ஸ்டேப்ளர் பின் ஏறியிருந்தது. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்திலிருந்து விழுந்தது. துரு ஏறி, சுற்றிலும் கருத்து, அமுக்கினால் சீழ் வந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்துகொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரி போவலாம் வாங்க" என்றாள் சித்தி.

"நியூ இயர் முடியட்டும்."

"காலு கருத்துக் கெடக்குதுங்க."

"வேலை போச்சுன்னா காலை வெச்சிக்கினு இன்னா பண்றது" என்றார். இந்தச் சொல்லை அப்பா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறார்.

அப்பா கெஞ்சினார், அம்மா திட்டினாள், நான் கத்தினேன். மசியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, கட்டை மறைக்கச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே ஷூ போட்டு நாள் முழுக்க நின்றார். மரம் பிரமாதமாக வந்ததாம். வேலை கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு வலது கால் ஷூ கழலவில்லை. சித்தி கத்தரிக்கோலால் அதை வெட்டித் திறந்தாள். எழுந்த வாடையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் மட்டும், "இன்னா ஆச்சு எல்லாருக்கும்" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கால் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிடைத்த வேலைக்கு அவர் ஒரு நாள்கூடப் போகவில்லை. அடுத்த டிசம்பரில் நட்சத்திரம் தொங்கவிடும் நேரத்துக்கு அவரும் இல்லை. சித்தி அந்தத் தட்டை வீட்டில் வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்றாள். உடைக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. கல்யாணமாகி விழுப்புரம் வந்தபோது நான் எடுத்துவந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 'வலிக்குது' என்று சொன்னாரே, அந்தப் பொய்மேல்தான். வலிக்கவில்லை என்று அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அப்பா அவரைத் தூக்கிக்கொண்டாவது போயிருப்பார்.

அப்பா வழிச் சொத்தில் எனக்கு வந்தது சுகர் மட்டும்தான் என்று நான் சொல்வதுண்டு. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், ரத்தம் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. என்னைப் போல ஜாக்கிரதையான ஆள் யாரும் இல்லை என்று டாக்டரம்மாவிடமே பெருமை அடித்துக்கொள்வேன். டிசம்பரில் பீட்ரூட் வாங்குவதில்லை. காலேஜ் படிக்கும் என் மகளுக்குக் காரணம் தெரியும். இந்தக் கதை முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுடைய சிநேகிதிகள் வருவதாக இருந்தது. அவள் வெள்ளரிக்காயை அடுக்கினாள், நான் முள்ளங்கி துருவினேன். நான் அடுக்கியிருந்தால் இன்னும் நெருக்கமாக அடுக்கியிருப்பேன் என்று குறை சொல்லிக்கொண்டே துருவி, அள்ளி அள்ளித் தட்டைச் சுற்றித் தூவினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். இடது பக்கம் லேசாகச் சிவந்திருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. "எத்தனை வாட்டி சொல்றேன், பீட்ரூட்டை இன்னாத்துக்குடி வாங்கினே" என்றேன்.

"பீட்ரூட் வாங்கலையேம்மா" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

காய்துருவி என் சுட்டுவிரல் கணுவைத் தோலோடு சீவியிருந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து, வளையலில் கோத்து நின்றது.

"வலிக்கலையாம்மா" என்று கேட்டாள்.

"வலிக்குதுடி. வலிக்காம இருக்குமா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் அதுதான் வந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். கீழே உட்கார்ந்து, என் செருப்புகளைக் கழற்றி, வலது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். நான் மேசைமேல் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மெல்ல மெல்ல நட்சத்திரத்தின் பக்கம் ஊறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்த தலையை இன்னும் நிமிர்த்தவில்லை.