தறி நின்றபோது கேட்டது

இன்று மதியம் கரண்ட் போனதும் அலுவலக யூ.பி.எஸ். கீயென்று கத்தியது. எனக்கு முகம் சுட்டது.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக்கூடம். "தறி ஓடற ஊட்டுல ரகசியத்தக் கத்தியே பேசலாம்" என்பார் அம்மா. அப்போது பள்ளிக் கண்காட்சிக்காக நானும் என் வகுப்புத் தோழி மேரியும் அங்கே உட்கார்ந்து, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், பழைய ரேடியோ ஸ்பீக்கர், இவ்வளவை வைத்துத் தானாக ஒலிக்கும் சர்க்யூட் ஒன்று செய்தோம். ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தவள் மேரி. பேட்டரியை மாட்டினோம். சத்தமே கேட்கவில்லை.

"டிரான்சிஸ்டரப் பொசுக்கிப்போட்டியா?" என்று கத்தினேன்.

"இல்ல புள்ள, ஸ்பீக்கரத் தொட்டுப் பாரு, அதிருது."

"இந்த ஊட்டுல செவுருங்கூடத்தான் அதிருது. உங்கம்மா தறியில நூலு அத்துப்போறாப்பல இருக்குது உன்ற வேலையும்."

அவள் அம்மா எங்கள் தறியில்தான் வேலை பார்த்தார். மேரி எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. பேட்டரிக்கு ஏது கவலை? 'கீ' என்று எங்கள் சர்க்யூட் பாடிக்கொண்டே இருந்தது.

மேரியின் அம்மா ஓடி வந்தார். "நம்ம மேரி செஞ்சதுங்களா கண்ணு?"

"நாந்தான் பிரிச்சுச் சரிபண்ணுனேனுங்க."

"நீ கெட்டிக்காரி. அவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு கண்ணு."

"சரிங்க" என்றேன். பொய்யைவிட அந்தச் 'சரிங்க'தான் இன்றைக்கும் உடம்பைக் கூச வைக்கிறது.