முதல் தடவையே சரி சொல்லாத சுந்தரம்மாள்

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் சுந்தரம்மாளிடம் ஒரு காரியத்துக்குச் சம்மதம் வாங்க வேண்டுமானால் நிறையப் பொறுமை வேண்டும். முதல் தடவை கேட்டால் "பாக்கலாம்" என்பாள். இரண்டாம் தடவை போனால் "பங்காளிங்களக் கேக்கணும்" என்பாள். மூன்றாம் தடவை போகும்போது, கேட்க வந்தது என்ன என்பது கேட்டவருக்கே பாதி மறந்து போயிருக்கும். அப்போதுதான் "சரி, ஆவட்டும்" என்று அவள் வாயிலிருந்து வரும்.

இதை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு முதல் தடவையே தலையாட்டுகிற வழக்கம் அவர்கள் ஊரில் கிடையாது. கேட்டதும் கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் பெண்ணை யார் தலையிலாவது கட்டக் காத்திருந்தார்கள் போல என்று ஊர் பேசும். பின்னால் புருஷனாக வந்த சந்திரனின் ஆட்கள் இவளைக் கேட்டு மூன்று முறை மேடேறி வந்தார்கள். மூன்றாம் முறை மழையில் தொப்பலாக நனைந்து வந்தார்கள். மற்ற பெண்கள் கல்யாணத்தோடு இந்த வழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். சுந்தரம்மாள் அதைப் புருஷன் வீட்டுக்கும் கூடவே கொண்டுவந்து, ஆடு விற்பதிலிருந்து உலக்கை இரவல் கொடுப்பதுவரை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாள். திருப்பத்தூரிலிருந்து வருகிற புளி வியாபாரி ரமேஷ் வருஷா வருஷம் அவளிடம் மூக்குடைபட்டுத்தான் போவான். "அப்போ வேற வூட்ல வாங்கிக்கறேன்" என்று வண்டியை எடுப்பான். வளைவு தாண்டியதும் திரும்பி வருவான். அதுவரை அவள் அடுப்படியிலிருந்து எழுந்துகூட வந்திருக்க மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ரேணுகாதேவிக்கு எதிலும் அவசரம். விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்தவள். ஒருமுறை அந்த விடுதியில் காய்ச்சல் பரவியபோது ஒரு நர்ஸ் வந்தார். வார்டனை உட்காரச் சொல்லி உட்கார வைத்தார். தலைமை ஆசிரியரை வாயைத் திறக்கச் சொன்னார், அவரும் மறுபேச்சு இல்லாமல் திறந்தார். நர்ஸ் ஆவதென்று ரேணுகா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பின்னால் நர்சிங் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் சேவை மனப்பான்மை என்றெல்லாம் சொல்லியிருப்பாள். உண்மையான காரணம் தலைமை ஆசிரியரின் அந்தத் திறந்த வாய்தான்.

அவள் விண்ணப்பித்தது வேலூர்ப் பக்கம் இருந்த ஒரு நர்சிங் பள்ளிக்கு. மலைப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பும் விடுதியும் இலவசம். அது கிடைக்காவிட்டால் வேறு எங்கும் சேர்த்துப் படிக்க வைக்கச் சந்திரனுக்கு வசதியில்லை. அப்பாவோடு போய் நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு வந்தாள். "கூப்பிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் காத்திருப்பதும் ஒரு வேலையானது.

காத்திருக்கவும் அங்கே ஓர் இடம் வேண்டும். வீட்டில் சிக்னல் கிடையாது. பாஞ்சாலையின் மளிகைக் கடை வாசலில் எண்ணெய் டின்னை ஒட்டி நின்றால் கிடைக்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் போய்விடும். அதனால் சாமைக் கொல்லையில் களையெடுக்கிற நாளிலும் யாராவது ஒருவர் போனும் கையுமாக எண்ணெய் டின்னுக்குக் காவல் இருக்க வேண்டியதாயிற்று. கடைக்கு வருகிறவர்கள் சும்மா போவார்களா. "இன்னா நர்சம்மா, எனக்கு இடுப்பு வலிக்குது, இப்பவே ஒரு ஊசி போட்டுட்டுப் போ" என்பார்கள். பாஞ்சாலை தன் பங்குக்கு, "இவ்ளோ நேரம் நிக்கறியே, ஒரு பாக்கெட் முறுக்காவது வாங்கு" என்பாள். ரேணுகா சிரித்துக்கொள்வாள். போனை மட்டும் கண்ணை எடுக்காமல் பார்ப்பாள்.

அழைப்பு வந்த அன்று காவல் முறை சுந்தரம்மாளுடையது. மடியில் மொச்சையைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரேணுகாதேவி வீடுங்களா?"

"ஆமாங்க. அவ அம்மா பேசறேன்."

"நர்சிங் ஸ்கூல்லேர்ந்து பேசறேம்மா. உங்க பொண்ணை செலக்ட் பண்ணியிருக்கோம். சேர விருப்பம்தானே?"

பெண்ணைக் கேட்கிறார்கள். அதுவும் வேலூரிலிருந்து கேட்கிறார்கள். சுந்தரம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். பெண்ணைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

"பாக்கலாங்க."

"பாக்கலாமா? இன்னிக்கே சொல்லணும்மா."

"பங்காளிங்கள ஒரு வார்த்த கேக்கணுங்க. அவ மாமன் வேற கீறான்."

"அப்ப அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுக்கட்டுமா?"

"அது ஒங்க இஷ்டங்க."

போன் வைக்கப்பட்டது. பாஞ்சாலை தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "இன்னாக்கா, சரின்னு சொல்லாம வுட்டுட்ட?"

"நீ சும்மா கெட. எங்க போய்டுவாங்க. மறுபடி வருவாங்க."

ரமேஷின் வண்டி எத்தனை தடவை வளைவுவரை போய்த் திரும்பியிருக்கிறது. அந்த தைரியம்தான். ஆனால் அவள் 'பாக்கலாம்' என்றதில் வழக்கம் பாதிதான். மீதிப் பாதி என்ன என்று அவள் அப்போது பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "வேலூர்லேர்ந்து கேட்டாங்க. நான் உடனே புடி குடுக்கல."

ரேணுகாவின் கை தட்டில் நின்றது. "நீ இன்னா சொன்ன?"

சொன்னாள். சந்திரன் மெதுவாக மனைவியைப் பார்த்தான். "அது பொண்ணு கேக்க வந்த கூட்டம் இல்ல, சுந்தரி. பத்து பேரு வரிசையில நிக்கற எடம்."

ரேணுகா கையைக்கூடக் கழுவாமல் கடைக்கு ஓடினாள். அந்த நேரத்தில் பள்ளியில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்தார்கள். அடுத்த பெண் உடனே சரி சொல்லிவிட்டாளாம், பெட்டியோடு வந்து சேர்ந்தும்விட்டாளாம். ரேணுகாவின் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் சுந்தரம்மாளும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள். ரேணுகா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"என்ன அனுப்ப ஒனக்கு மனசில்லம்மா. அத நேராவே சொல்லியிருக்கலாம்."

இல்லை என்று சொல்லத்தான் சுந்தரம்மாள் நினைத்தாள். ஆனால் மகள் சொன்னது உண்மை. மகள் இல்லாத வீட்டை நினைத்து அவள் கொஞ்ச நாளாகவே பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம்தான் ஊர் வழக்கத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாய் வழியாகப் பேசியிருந்தது. ஊரார் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பெற்ற பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் விடியும்போதே சுந்தரம்மாள் சாமைச் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப் ஏறினாள். திருப்பத்தூரில் பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு, அந்த நர்சிங் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். சேர்க்கையைக் கவனித்தவர் ராஜேஸ்வரி என்ற மேடம். நல்ல மனுஷிதான்.

"தப்பு எம்மேலதாங்க. எங்க ஊர்ல சரின்னா மொதல்ல பாக்கலாம்னுதான் சொல்லுவோம்" என்றாள் சுந்தரம்மாள்.

மேடத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இப்ப இடம் இல்லம்மா. யாராவது விலகினாக் கூப்பிடறோம். உறுதியாச் சொல்ல முடியாது."

சுந்தரம்மாள் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறியதும் உள்ளே போய் இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில். கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்றுவிட்டு மறுபடியும் போனாள்.

"மூணு தடவ கேட்டுட்டேங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க ஊருன்னா மூணாவது தடவ குடுத்துடுவோம்."

ராஜேஸ்வரி மேடம் சிரித்துவிட்டார். சிரித்ததால் இடம் வந்துவிடுமா, வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் சுந்தரம்மாளுக்கு ஒன்று விளங்கியது. அடுத்தவர் வாசலில் போய் நின்று கேட்கும்போது ஆள் எவ்வளவு சின்னதாகிப் போகிறது. இது தெரியாமல் இத்தனை வருஷம் எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறாள். அன்று இரவு சந்திரனின் தட்டில் அவன் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. அவன் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு எண்ணெய் டின் காவலை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. போன் அடித்தால் போதும், எதிர்ப்பக்கம் யார் என்று கேட்பதற்கு முன்பே "சரிங்க, சரிங்க, வர்றோம்" என்பாள். அப்படித்தான் ரமேஷ் சொன்ன முதல் விலைக்கே அந்த வருஷத்துப் புளி முழுவதும் போனது. அவன் பயந்துபோய், புளியில் ஏதாவது கோளாறா என்று பாஞ்சாலையிடம் தனியாக விசாரித்தான். போன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு எதையோ கேட்டார்கள். அதற்கும் சரி என்றாள். அன்றிலிருந்து அவளை அழைக்கிறவர்கள் காதில் யாரோ ஒருத்தி காதல் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். பாஞ்சாலை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகாகூட ஒருநாள் லேசாகச் சிரித்தாள். ஆனால் அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

சாமை கதிர் வைக்கிற சமயத்தில், ஒரு மத்தியானம், ரேணுகா உப்பு வாங்கக் கடைக்கு வந்திருந்தபோது போன் அடித்தது.

"ரேணுகாதேவி அம்மாங்களா? நான் ராஜேஸ்வரி. ஒரு பொண்ணு வேற காலேஜுக்குப் போய்ட்டா. ஒரு இடம் காலியாயிருக்கு. உங்க பொண்ணு சேர்றாளா?"

'சரிங்க' என்பது சுந்தரம்மாளின் நுனி நாக்கில் வந்து நின்றது. இத்தனை நாளும் ரமேஷுக்கும் போன் கம்பெனிக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்த வார்த்தைதான். ஆனால் உப்புப் பாக்கெட்டோடு எதிரில் நின்ற மகளைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் நிறுத்தினாள். அந்த மலையில் ஒரு பெண்ணைக் கேட்டால் அப்பன் பதில் சொல்வான், மாமன் சொல்வான், பங்காளிகள் சொல்வார்கள். சந்திரனின் ஆட்கள் மூன்று முறை வந்தபோதும் அவள் உள்ளேதான் நின்றிருந்தாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போனை மகளிடம் நீட்டினாள். "ஒன்னத்தான் கேக்கறாங்க. நீயே சொல்லு."

ரேணுகா வாங்கிக் காதில் வைத்தாள். எண்ணெய் டின்னை ஒட்டி நின்றாள்.

"மேடம், நான் ரேணுகாதேவி. வர்றேன் மேடம். ஆமா மேடம், நாளைக்கே வர்றேன்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. பாஞ்சாலை கடையை விட்டு இறங்கி வந்து ரேணுகாவைக் கட்டிக்கொண்டாள். சுந்தரம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறைத்துக்கொண்டெல்லாம் அழவில்லை. மகளுக்கு இடம் கிடைத்ததில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். போகட்டும் என்றுதான் போனை நீட்டினாள். ஆனாலும் அந்தப் பெண் ஒரு மூச்சு நேரமாவது யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.